பாண்டி என்றொரு பெயர்

மார்க்கையன்கோட்டையில் பிறந்தவர்கள் காலையில் எழுந்ததும் மேற்கே நோக்குவார்கள். மலைமேல் மேகம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுடைய முதல் வேலை. அங்கே மழை பெய்தால் பெரியாற்று அணையில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நிலத்தில் இரு போகம் நெல் விளையும். இது நிலமுடையார் கணக்கு. நிலமில்லாதார்க்கு வேறொரு கணக்கு உண்டு. மலையில் மழை பெய்தால் ஏலச் செடி சரம் விடும். சரம் விட்டால் கூலிக்கு ஆள் கூப்பிடுவார்கள். நம் குடும்பம் இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது.

மலைக்கு அப்பால் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். இன்றும் விடியுமுன்னரே நம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப் வண்டிகள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. பொழுது சாயும் வேளையில் இறங்குகின்றன. ஏறுகிறவர்கள் தத்தம் தெருவில் அக்காள், மதினி, அத்தை என்று அழைக்கப்படுகிறவர்கள். மலையுச்சியிலுள்ள சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அவர்கள் அனைவருக்கும் ஒரே பெயர்தான்: பாண்டி.

அந்தப் பெயரைப் பற்றி இம்மாதம் வாசகக் குடும்பங்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

நாம் அதை முதன்முதலில் கேட்டது 1958-ஆம் ஆண்டில். நமக்கு அப்போது ஒன்பது வயது. குத்தகை நிலம் கைவிட்டுப் போனமையால் தகப்பனார் தாயாரையும் நம்மையும் அழைத்துக்கொண்டு, தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டுப் பாதையில் கால்நடையாக மலையேறினார். தலைமேல் ஒரு மூட்டை, கையில் ஒரு தூக்குச் சட்டி, தாயாரின் கழுத்தில் செபமாலை. கேரளம் தனி மாநிலமாகி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்தைச் சேர வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சி 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோற்றுப்போய், அதன் கசப்பு இரு பக்கமும் ஆறாதிருந்த காலம். இதெல்லாம் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு எப்படித் தெரியும்? குளிர் ஒன்றுதான் தெரிந்தது, அடுத்தபடியாக அட்டை.

தோட்டத்து லயத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். பெண்கள் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் இட்டுக்கொண்டு, கால்களில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு, செடியடியில் குந்தி ஏலம் பறிப்பார்கள். ஏலக்காய் மரத்தில் தொங்குவதன்று. தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்ப்பது. நாள் முழுவதும் குனிந்த முதுகோடு பறித்தால்தான் கூடை நிறையும். தாயாரின் விரல் நகங்களில் படிந்த கறை ஞாயிற்றுக்கிழமையும் போவதில்லை. "பாண்டிகள் குளிக்க மாட்டார்கள்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன் நம்மிடம் சொன்னபோது, நமக்கு உடனே நினைவுக்கு வந்தவை அந்த நகங்களே. உண்மையாகவே இருக்குமோ என்று அன்றிரவு தாயாரின் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். தாயைப் பழித்த சொல்லை நம்பிவிட்டு அவள் கையைச் சோதித்த அந்த வேளையை நாம் இன்றளவும் மறக்கவில்லை.

தாயாரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "பாண்டின்னா ராசா பேருய்யா. அவுக நம்மள ராசான்னு கூப்புடுறாக. நீ ஏன் அழுகுற?" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத அவர் விளையாட்டாய்ச் சொன்னது எத்துணை உண்மை என்பதை நாம் வரலாறு படித்த பின்னரே அறிந்தோம். அந்த உயர்ந்த மலைகளை ஆண்டது பூஞ்ஞாறு அரச குடும்பம். 1877-இல் இன்றைய மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களே. அக்குடும்பத்தார் தம்மை மதுரைப் பாண்டியரின் வழித்தோன்றல்கள் என்று பெருமையோடு கூறிக்கொள்வார்கள். பந்தளத்து அரச குடும்பமும் அவ்வாறே. திருச்சூர்ப் பூரத்தில் இலட்சம் மக்கள் கைகளை உயர்த்தி ஆரவாரிக்கும் இலஞ்சித்தறை மேளத்துக்குப் 'பாண்டி மேளம்' என்றே பெயர். ஆக, அதே சொல் அரண்மனையில் குலப்பெருமை. கோவில் முற்றத்தில் கலைப்பெருமை. லயத்து வாசலுக்கு வந்தால் மட்டும் வசைச்சொல்!

மலைமேல் நாம் கண்ட திருப்பலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கிருந்த கோவில் சீரோ மலபார் வழிபாட்டைச் சேர்ந்தது. பாலா, மீனச்சில் பக்கங்களிலிருந்து காடு திருத்த வந்த மலையாளக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முன்னே நிற்பார்கள். தோட்டத்துத் தமிழர் பின்னே, கதவோரம். அப்படி நிற்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே அது நடந்தது. குர்பானா சுரியானி மொழியில் நடைபெறும். 1962 ஜூலையில்தான் அவர்களுக்கு மலையாளத்தில் வழிபாடு வந்தது. நமக்கும் அந்த மொழி புரியாது, முன்னே நின்றவர்களுக்கும் புரியாது. ஆயினும் நமக்குப் புரியாதது நம் அறியாமையாகவும், அவர்களுக்குப் புரியாதது அவர்களுடைய பாரம்பரியமாகவும் அன்று தோன்றியது வேடிக்கைதான்.

நம்மிடம் "குளிக்க மாட்டார்கள்" என்று சொன்ன அதே சிறுவன்தான், பின்னர் தன் மதியச் சோற்றுக்குப் பதில் கொண்டுவரும் அவித்த கப்பையில் பாதியை நமக்குத் தந்தவனும். கப்பை என்றால் மரவள்ளிக் கிழங்கு. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராசா பரப்பிய கிழங்கு அது; 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது அதுவே அந்நாட்டு ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது. "கிழங்கு தின்னி" என்று நம் லயத்துப் பிள்ளைகள் அவனைக் கேலி செய்தார்கள். நாமும் செய்தோம், அவன் கப்பையைத் தின்றுகொண்டே செய்தோம்.

1961-இல் நாம் மலையிறங்கினோம். அவ்வாண்டுதான் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேற்றக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டன. மழைக்காலத்தில் ஓலைக் கூரையின் கீழ் அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்டு ஏ. கே. கோபாலன் அங்கேயே உண்ணாநோன்பு இருந்தார். அச்சிறுவனின் சிற்றப்பா குடும்பமும் அங்கே கிடந்தது. அவர்களுக்கு அதிகாரிகள் வைத்திருந்த பெயர் 'கையேற்றக்காரர்', அதாவது ஆக்கிரமிப்பாளர். பாண்டி என்று நம்மை அழைத்தவர்களுக்கும் ஒரு பெயர் காத்திருந்தது.

நிற்க. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த பின், 1974-ஆம் ஆண்டு கோடையில், கொடைக்கானலில் ஒரு தியானத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே வயது முதிர்ந்த அயர்லாந்துக் கன்னியர் ஒருவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அயர்லாந்துக்கும் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கும் உள்ள உறவு பழையது. காணிக்கை மாதா கன்னியர் 1842-இலேயே அங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்கள். ஓ'கானர், ஃபென்னெல்லி முதலிய சென்னை ஆயர்களும் ஐரிஷாரே. ஆயினும் நமக்கு அவர்களெல்லாரும் 'வெள்ளைக்காரர்கள்'தாம். ஐரிஷார் வேறு, ஆங்கிலேயர் வேறு என்றோ, ஒரு வெள்ளையர் இன்னொரு வெள்ளையரைக் கண்டு மூக்கைச் சுளிப்பார் என்றோ நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

எந்த ஊர் என்று அவர் கேட்டார். சொன்னோம். பேச்சுவாக்கில், "மலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்குப் பாண்டி என்று பெயர், மதர்" என்றோம். ஜெபப்புத்தகத்தை மூடிவிட்டு, "எங்களுக்குப் பேடி என்று பெயர், தம்பி" என்றார் அவர்.

நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளை அவரும் அறிந்திருந்தார். அதைச் சொல்லிச் சிரித்தார். இந்தப் பேடி வேறு. புனித பேட்ரிக்கின் பெயரை அயர்லாந்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு இடுவார்கள். அதன் செல்லச் சுருக்கமே பேடி. கூலிவேலைக்கு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போன ஐரிஷார் அனைவரையும் அப்பெயரால் அழைத்தார்கள். பேடி என்றால் குடிகாரன், சண்டைக்காரன், அழுக்கன், சோம்பேறி, பாப்பரசரின் அடிமை. இலண்டனில் 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை ஏடு ஐரிஷ்காரனைக் குரங்கு முகத்தோடு வரைந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்களின் வேலை விளம்பரங்களில் 'ஐரிஷார் விண்ணப்பிக்க வேண்டா' என்ற வரி இடம்பெற்றது. 1834-இல் பாஸ்டனுக்கு அருகே சார்ல்ஸ்டவுனில் உர்சுலைன் கன்னியர் மடமே தீக்கிரையாக்கப்பட்டது. இத்தனைக்கும் புனித பேட்ரிக் பிறப்பால் ஐரிஷார் அல்லர். பிரித்தானியாவிலிருந்து அடிமையாகப் பிடித்துவரப்பட்டு அயர்லாந்தில் மந்தை மேய்த்தவர்.

அவர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்றும் மதர் சொன்னார். ஏழைகளுக்கு அங்கே உருளைக்கிழங்கே உணவு. 1845-இல் அச்செடியில் ஒரு நோய் விழுந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. 1841-இல் 80 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாயிற்று. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாதவர்கள் நாட்டை விட்டே போனார்கள். அதே ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. கிழங்கைத் தின்று கிழங்கால் அழிந்தவர்களை, போன இடத்தில் 'கிழங்கு தின்னிகள்' என்றே கேலி செய்தார்களாம். கேட்ட நமக்கு அந்தப் பாதிக் கப்பை தொண்டையில் நின்றது.

அவருடைய ஊர் மேயோ மாவட்டத்தில். அப்பக்கத்து இளைஞர்களும் சிறுமிகளும் ஆண்டுதோறும் கிழங்கு பறிக்கும் பருவத்தில் ஸ்காட்லாந்துக்குக் கூட்டமாகப் போவார்கள். மாட்டுக் கொட்டிலிலும் கொட்டகையிலும் படுப்பார்கள். பருவம் முடிந்தால் திரும்புவார்கள். நம் ஜீப் வண்டிகளை நினைத்துக்கொண்டோம். 1937 செப்டம்பரில் கிர்க்கின்டில்லாக் என்னும் ஊரில், அகில் தீவிலிருந்து போன பத்து இளைஞர்கள் தாங்கள் படுத்திருந்த கொட்டகையில் தீப்பற்றி வெந்து இறந்தார்கள். மதர் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டார். கடிதத்தில் செய்தி வந்தபோது, அவர்களில் எவரேனும் தமக்குத் தெரிந்தவரோ என்று அறியவே இரண்டு மாதம் ஆயிற்றாம்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம். மூன்று தலைமுறையாக அம்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்; என்றாலும் அங்கே நிற்க அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கையளவு மண் இல்லை. மதர் சொன்ன கொட்டகை அன்று நம் கண்முன் வந்தது.

மதர் நமக்குச் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்றும் உண்டு. அதைப் பின்னாளில் நூல்களில் படித்தோம். அமெரிக்காவில் ஐரிஷார் மெல்ல மெல்லத் தலையெடுத்தார்கள். 1960-இல் அவர்கள் குலத்துக் கென்னடி குடியரசுத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அதற்கு முன், 1863-இல் நியூயார்க்கில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து மூண்ட கலகத்தில், கறுப்பின மக்களை அடித்துக் கொன்ற கூட்டத்தில் மிகப் பலர் ஐரிஷ் கூலிக்காரர்கள். 1877-இல் கலிபோர்னியாவில் 'சீனர்கள் வெளியேற வேண்டும்' என்று மேடைதோறும் முழங்கிய டெனிஸ் கேர்னி, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். ஐந்தே ஆண்டுகளில் சீனத் தொழிலாளரைத் தடுக்கும் சட்டமும் வந்தது. கப்பலிலிருந்து இறங்கியபோது தங்கள் காதில் விழுந்த சொற்களையே அவர்கள் அடுத்த கப்பலில் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

படித்தபோது நமக்குக் கோபம் வந்தது. இவர்களுக்குமா நினைவில்லை என்று எண்ணினோம். இப்போது நம் பள்ளத்தாக்கிலேயே, ஏலத் தோட்டங்களுக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு வரும்போது, "வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டான்" என்று சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பாண்டி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களே. அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அதற்குக் காரணம் 2011 டிசம்பர்.

முல்லைப் பெரியாறு அணைத் தகராறு அம்மாதத்தில் முற்றியது. மலைமேல் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர், மிரட்டப்பட்டனர். நம் சித்தி மகள், இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு பையுமாக, 1958-இல் நாம் ஏறிய அதே மலைப்பாதையில் இருட்டில் இறங்கி வந்தாள். கால் முழுவதும் கீறல். கீழே கம்பம், கூடலூர், குமுளிச் சாலை எங்கும் பல்லாயிரவர் திரண்டனர். கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலைமேல் இருந்தவர்களைக் கை எட்டாது. கீழே இருந்த மலையாளிகளின் கடைகளைக் கை எட்டும்.

நம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மலையாளியின் தேநீர்க் கடை இருந்தது. முப்பது ஆண்டுகளாக நாம் காலைத் தேநீர் குடித்த இடம். அவர் நம்மை 'மாஷே' என்று அழைப்பார்; நாம் அவரைச் 'சேட்டா' என்போம். நிலவில் ஆம்ஸ்ட்ராங் இறங்கியபோது அங்கே ஒரு நாயர் தேநீர் கொடுத்தார் என்னும் பழைய வேடிக்கையை ஊரார் அவரிடம் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்களோ, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல் சிரிப்பார். அவர் மந்திரம் வைத்துவிடுவார் என்று சில தாய்மார்கள் பிள்ளைகளை அக்கடைப் பலகாரம் தின்ன விடமாட்டார்கள். அதையும் நாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை பத்துப் பதினைந்து இளைஞர்கள் வந்தார்கள். நாம் பலகையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தோம். அவர்களுள் ஒருவன் நம்மிடம் படித்தவன். "சார், இது மலையாளத்தான் கடைதான?" என்று கேட்டான். கேள்விக்கு விடை அவனுக்கே தெரியும். நாம் எழுந்து நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் மட்டுமாவது திரும்பிப் போயிருப்பான். ஆசிரியருக்கு அவ்வளவு மதிப்பு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. "அதையெல்லாம் வாத்தியார்கிட்டக் கேக்காதீகப்பா" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு நடந்தோம். நம் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. சேட்டா ஒன்றும் கத்தவில்லை. "மாஷே" என்று ஒரு முறை அழைத்தார் என்று நினைக்கிறோம். வேறு ஒலியாகவும் இருந்திருக்கலாம்.

குமுளி வழி அடைபட்டிருந்தமையால் அவர் மதுரைக்குப் போய்ச் செங்கோட்டை வழியாக ஊர் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். பிறகு வரவில்லை.

அடுத்த ஆண்டு வெயில் காலத்தில் அவர் மகன் வந்தார். பாய்லரையும் இரண்டு பலகைகளையும் விற்றுக் கணக்கு முடித்துவிட்டுப் போக வந்தவர். நாம் போய்ப் பார்த்தோம். தந்தை நலமா என்று கேட்க வாயெடுத்தபோதுதான், முப்பது ஆண்டுகளாக அவர் பெயரையே நாம் அறிந்திருக்கவில்லை என்பது உறைத்தது. மகனிடம் கேட்டறிந்தோம். ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்துச் சொன்னார். அவரும் நம் திருச்சபைக்காரரே. ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமைகளில்!

கடையில் நமக்கு 46 ரூபாய் பாக்கி இருந்தது. அதை எடுத்து நீட்டினோம். அவர் கணக்கு நோட்டைப் புரட்டினார். மலையாள எழுத்தில் 'மாஷ்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பச்சன் இதை வெட்டியிருக்கிறார், சார். பணம் வேண்டாம்" என்றார். தொகையின் மேல் பேனாவால் ஒரே கோடு. நேராக, அழுத்தமில்லாமல் இழுத்த கோடு.

அந்தக் கோட்டை அவர் அந்த மாலைக்கு முன் போட்டாரா, பின் போட்டாரா என்று கேட்க நமக்கு நா எழவில்லை. அந்த 46 ரூபாய் இன்னமும் நம் செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது.